போன்ல டெஸ்க்டாப் சைட் போட்டா எழுத்து நெத்திலிக் கண்ணு மாதிரி ஆயிடுது, ஃபார்ம் எப்படி ஃபில் பண்றது?

தையல்மெஷின் (கடலூர் ஓடி):
எல்லாருக்கும் வணக்கம். ஓல்டு டவுன்ல சின்னதா தையல் கடை வச்சிருக்கேன், கம்ப்யூட்டர் லேப்டாப் எதுவும் கிடையாது, வீட்ல இருக்கிறது ஒரே ஒரு ஆண்ட்ராய்டு போன்தான். பொண்ணுக்கு காலேஜ் அப்ளிகேஷன் போடணும். எந்த காலேஜ்னு கேக்காதீங்க. அதுல மார்க் போடற பக்கத்துல ஒரு டேபிள் வருது, பாடம், மார்க், ரெஜிஸ்டர் நம்பர், மாசம் வருஷம்னு போய்க்கிட்டே இருக்கு, கடைசி கட்டத்துல இருக்கிற சேவ் பட்டன் ஸ்க்ரீனை விட்டே வெளிய போயிடுது, விரலால தள்ளினாலும் நகரவே மாட்டேங்குது.

பக்கத்து வீட்டுத் தம்பி பாத்துட்டு க்ரோம்ல மேல இருக்கிற மூணு புள்ளிய தொட்டு "டெஸ்க்டாப் சைட்" டிக் பண்ணுங்கக்கான்னான். பண்ணேன். அதுவரைக்கும் நாலு பக்கம் ஒக்காந்து ஃபில் பண்ணது அத்தனையும் போச்சு, திரும்ப லாகின் பக்கத்துல வந்து நிக்குது. அழுகையே வந்துடுச்சு. சரின்னு ரெண்டாவது தடவ முதல்லேந்து பண்ணேன், பட்டன் இப்ப தெரியுது, ஆனா எழுத்து ஒண்ணுமே படிக்க முடியல, பெருசு பண்ணா ஒரு கட்டம் தெரியுது இன்னொரு கட்டம் தெரியல, 87 போட வேண்டிய எடத்துல பாட்டனி மார்க்கை போட்டுட்டேன். மஞ்சக்குப்பத்துல ஒரு சென்டர்ல 150 ரூபா கேக்கறாங்க, கூட்டம் வேற. திங்கக்கிழமை கடைசி நாள். போன்லயே முடிக்க வழி இருக்கா?

லாஸ்பேட்டை_கோடு:
அக்கா நான் பாண்டில வெப்சைட் டிசைன் வேலைதான் பாக்கறேன், அந்த டேபிளை அப்படி பண்ணவன் சார்பா நானே சாரி கேட்டுக்கறேன். அது உங்க தப்பு இல்ல, போன்ல ஒரு தடவ கூட தொறந்து பாக்காம விட்டிருக்காங்க.

அந்த டிக் என்ன பண்ணுதுன்னு தெரிஞ்சிக்கிட்டா பாதி குழப்பம் போயிடும். சாதாரணமா நீங்க ஒரு சைட்டுக்கு போகும்போது க்ரோம் "நான் ஆண்ட்ராய்டு, மொபைல்"னு சொல்லிட்டுதான் உள்ள போகும். டிக் பண்ணா அந்த ரெண்டு வார்த்தையையும் மறைச்சிட்டு "நான் லினக்ஸ் கம்ப்யூட்டர்"னு ஒரு பொய் சொல்லும். கூடவே உங்க ஸ்க்ரீன் 980 பிக்சல் (ஸ்க்ரீன் அகலத்தை அளக்கிற சின்ன புள்ளிக் கணக்கு) அகலம்னு வச்சிக்கிட்டு பக்கத்தை போடும் (இந்த 980 எல்லாம் 2007ல மொத ஐபோன் வந்தப்ப வச்ச கணக்கு, இன்னும் அதே ஓடுது). உங்க போன் நிமிந்து இருக்கும்போது அதோட கணக்கு அகலம் சுமாரா 360தான். 980ஐ 360க்குள்ள அமுக்கினா 16 சைஸ் எழுத்து 6 சைஸ்ல வரும். நெத்திலிக் கண்ணு அங்கேந்துதான் வருது.

இப்ப போனை படுக்க வச்சி பாருங்க. ஆட்டோ ரொட்டேட் ஆன் பண்ணிக்கோங்க. அகலம் 800 கிட்ட வந்துடும், அப்ப அதே எழுத்து 13 சைஸ்ல தெரியும், கண்ணாடி இல்லாமயே படிக்கலாம். போனை திருப்பினா பக்கம் ரீலோட் ஆகாது, பயப்படாதீங்க. ஆனா அந்த டிக்கை தொட்டா ரீலோட் ஆகும், அதான் உங்க நாலு பக்கம் போனதுக்கு காரணம். அதனால லாகின் பண்றதுக்கு முன்னாடியே டிக் போட்டுடணும், நடுவுல தொடவே கூடாது.

படுக்க வச்சா கீபோர்டு முக்காவாசி ஸ்க்ரீனை சாப்ட்டுடும், அதனால டைப் பண்ணும்போது நிமித்தி அந்த கட்டத்தை மட்டும் ரெண்டு விரலால பெருசு பண்ணிக்கோங்க, சரி பாக்கவும் சேவ் அமுக்கவும் படுக்க வச்சிக்கோங்க.

சில்வர்பீச்வாசி:
நமக்கு டிக் போட்டாலும் மேல மூணு கோடு மெனுதான் வருது, ஃபுல் மெனு வரவே இல்லையே? போன் கோளாறா? அப்புறம் வீட்ல ஐபோன் ஒண்ணு இருக்கு அதுல இந்த மூணு புள்ளி எங்க இருக்கு

லாஸ்பேட்டை_கோடு:
போன் கோளாறு இல்ல ப்ரோ. இப்ப வர்ற சைட் நிறைய நீ யாருன்னு கேக்கறதே இல்ல, அகலம் எவ்ளோன்னு மட்டும்தான் பாக்கும். பூட்ஸ்ட்ராப்ல (சைட் கட்டறதுக்குன்னு ரெடிமேடா கெடைக்கிற கோடு) கட்டின சைட்னா 992 பிக்சல் இருந்தாதான் பெரிய மெனுன்னு வழக்கமா எழுதி வச்சிருப்போம், உங்க டிக் குடுக்கறது 980. பன்னெண்டு பிக்சல்ல ஃபெயில் 😂 அதுக்கு ஒண்ணும் பண்ண முடியாது, மூணு கோட்டை தொட்டே போங்க. இன்னொண்ணு, அட்ரஸ் எம் புள்ளின்னு (m.) ஆரம்பிச்சா அது தனி மொபைல் சைட்டு, டிக் போட்டும் மாறலன்னா அந்த எம்மையும் புள்ளியையும் அழிச்சிட்டு என்டர் தட்டுங்க. ஐபோன் சஃபாரில அட்ரஸ் பார் பக்கத்துல இருக்கிற மெனுவுலயே "ரிக்வெஸ்ட் டெஸ்க்டாப் வெப்சைட்" இருக்கும்.

பழைய_நெட்சென்டர் (திருப்பாப்புலியூர்):
அம்மா, நான் பதினஞ்சு வருஷம் ப்ரவுசிங் சென்டர் நடத்தி மூடினவன். 150 ரூபான்றது அநியாயம், ஆனா கரண்ட் பில்லு ப்ரிண்டர் இங்க்குன்னு அவங்க பாடும் எனக்கு தெரியும், அத விடுங்க.

தம்பி சொன்னது அத்தனையும் சரி. அவர் சொல்லாத ஒண்ணு இருக்கு, அங்கதான் நிறைய பேர் மாட்டறாங்க. பணம் கட்டற எடம். சாதாரணமா போன்ல யூபிஐ அமுக்கினா நேரா ஆப் தொறக்கும், பின் போட்டா முடிஞ்சிது. டெஸ்க்டாப் டிக் இருந்தா சைட் உங்கள கம்ப்யூட்டர்னு நெனச்சிக்கிட்டு க்யூஆர் கோடு காட்டி ஸ்கேன் பண்ணுன்னு சொல்லும். எந்த போனை வச்சி ஸ்கேன் பண்றது, அதே போன்லதானே இருக்கு? பக்கத்துல டைமர் வேற ஓடும். என் மச்சான் கண்ணாடி முன்னாடி போனை காட்டி ஸ்கேன் பண்ண பாத்தான், சத்தியமா.

அதனால மார்க் எல்லாம் சேவ் ஆனதும், அடுத்த பக்கம் போறதுக்கு முன்னாடி லாக் அவுட் பண்ணிடுங்க. டிக்கை எடுங்க. திரும்ப லாகின் பண்ணி பணம் மட்டும் சாதா மோடுல கட்டுங்க. சேவ் பண்ணது சர்வர்ல இருக்கும், போகாது. உள்ள வந்ததும் மார்க் பக்கம் இருக்கான்னு ஒரு தடவ பாத்துக்கோங்க.

வீட்ல பழைய யூஎஸ்பி மவுஸ் எதாவது கெடக்குதா? ஓடிஜி பின் (போனோட சார்ஜர் ஓட்டையில யூஎஸ்பி சாமான் மாட்டற பின்) 50, 60 ரூபாக்கு கெடைக்கும், அத மாட்டினா ஆண்ட்ராய்டு போன்ல கம்ப்யூட்டர் மாதிரியே அம்பு வரும். சின்ன பட்டன்லாம் விரல் தப்பாம அமுக்கலாம், மேல அம்பு வச்சா தொறக்கிற மெனு கூட தொறக்கும். ஆச்சரியமா இருக்கும், செஞ்சி பாருங்க.

சில்வர்பீச்வாசி:
கண்ணாடி மேட்டர் 🤣🤣 ஸ்க்ரீன்ஷாட் எடுத்து ஆப்ல கேலரிலேந்து போட்டா எடுக்காதா?

பழைய_நெட்சென்டர் (திருப்பாப்புலியூர்):
எடுக்கும் எடுக்காது, ஆப்புக்கு ஆப் மாறும், பெரிய தொகைன்னா தடுத்துடும். டைமர் ஓடும்போது அந்த சோதனை வேணாம்னுதான் சொல்றேன்.

தையல்மெஷின் (கடலூர் ஓடி):
முடிஞ்சிது முடிஞ்சிது!! ராத்திரி கடைய மூடிட்டு வெட்டு மேசை மேல டேப்பு டப்பாவுல போனை சாய்ச்சி படுக்க வச்சி பண்ணேன். டிக் போட்டுட்டு அப்புறம் லாகின். டைப் பண்ண நிமித்தறது, பாக்க சாய்க்கறதுன்னு ஒரு முப்பது தடவ திருப்பியிருப்பேன், பாட்டனி பாட்டனி எடத்துக்கு போச்சு, 87ம் அது எடத்துக்கு வந்துச்சு. அண்ணா சொன்ன மாதிரி லாக் அவுட் பண்ணி டிக் எடுத்துட்டு வந்து பாத்தா மார்க் எல்லாம் இருந்துச்சு, யூபிஐ அமுக்கினதும் ஆப் தொறந்துடுச்சு, ரசீதும் வந்துடுச்சு.

ஒரே ஒரு சந்தேகம், இப்ப பேப்பர் படிக்கிற சைட்லாம் கூட குட்டி எழுத்துலயே வருது, டிக்கை எடுத்துட்டேனே?

லாஸ்பேட்டை_கோடு:
சூப்பர் அக்கா, பாப்பாவுக்கு வாழ்த்து சொல்லுங்க. மூணு புள்ளி, செட்டிங்ஸ், சைட் செட்டிங்ஸ், அதுல டெஸ்க்டாப் சைட்னு ஒண்ணு இருக்கும். அது ஆன்ல இருந்தா எல்லா சைட்டுக்கும் சேத்து ஆயிடும், தம்பி அதையும் தட்டி விட்டிருப்பான். ஆஃப் பண்ணிடுங்க.

தையல்மெஷின் (கடலூர் ஓடி):
ஆமா ஆன்லதான் இருந்துச்சு. எடுத்துட்டேன், பெருசாயிடுச்சு. அவன் அடுத்த தடவ பேண்ட் சைஸ் குறைக்க வரட்டும் பேசிக்கறேன்.