ஆவணிக் கல்யாணமா, வாலிபால் டீமா? டெக்சாஸுக்குக் குடிபோன சேலத்துக் குடும்பங்களுக்கு

கேள்வி: "அக்கா, வணக்கம். அம்மாப்பேட்டையில் இருந்து டல்லாஸ் பக்கம் வந்து ஒரு வருடம் ஆகப்போகிறது. மகள் அடுத்து ஒன்பதாவது போகிறாள். ஸ்கூல் வாலிபால் டீமில் சேர ரொம்ப ஆசைப்படுகிறாள். ட்ரை அவுட், அதாவது டீமுக்கு ஆள் எடுக்கும் தேர்வு, ஆகஸ்ட் முதல் வாரம் என்கிறார்கள். என் தம்பி கல்யாணம் ஆவணி முதல் முகூர்த்தத்தில், சேலத்தில். நான்தான் நாத்தனார் முடிச்சுப் போட வேண்டும். தாய்மாமன் கல்யாணத்துக்கு அவள் வராமல் எப்படி? டீமை விடச் சொல்லவா, கல்யாணத்தை விடச் சொல்லவா?"

பதில்:

தங்கச்சி, இரண்டையும் விட வேண்டாம். கல்யாணத்துக்கு மகளைக் கூட்டிக்கொண்டு வாருங்கள், டீமிலும் சேரட்டும். ஆனால் அது நடக்க வேண்டுமென்றால், கல்யாணத் தேதி கோச்சுக்கு இந்த மே மாதமே தெரிந்திருக்க வேண்டும். ட்ரை அவுட் முடிந்து, டீம் பட்டியல் ஒட்டி, யூனிஃபார்ம் கொடுத்த பிறகு சொன்னால் அது வேறு விஷயமாகிவிடும்.

நான் பல வருடம் டல்லாஸ் பக்கம் இருந்து, பிள்ளைகளை அங்கேயே ஹைஸ்கூல் முடிக்க வைத்துவிட்டு, இப்போது அழகாபுரத்தில் இருக்கிறேன். சேலத்தில் இருந்து டெக்சாஸ் கிளம்பும் குடும்பங்கள் வீட்டுக்கு வந்து விசா, வாடகை, கார் என்று எல்லாம் கேட்பார்கள். ஸ்கூல் டீமைப் பற்றி யாரும் கேட்பதில்லை. போய் ஒரு வருடம் கழித்து, இப்படி ஒரு கல்யாணத் தேதி குறுக்கே வந்த பிறகுதான் போன் வருகிறது. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில், நம்ம ஊர் கணக்கை வைத்து அந்த டீமை எடை போடக் கூடாது. இங்கே பி.டி. சார் பிள்ளைகளைத் தேர்ந்தெடுப்பார், குறுவட்டப் போட்டிக்கு முன் சில வாரம் காலையும் மாலையும் பயிற்சி, காந்தி ஸ்டேடியத்தில் போட்டி, 'ஆன் டியூட்டி' போட்டுக்கொள்வார்கள். நடுவில் ஒரு கல்யாணம் வந்தால் சார் 'போய்ட்டு வா' என்று சொல்லிவிடுவார். அங்கே சீசன் என்றால் மூன்று நான்கு மாதம், தினமும். டெக்சாஸ் பள்ளிகளில் டீம் பிள்ளைகளின் பயிற்சிக்கென்றே 'அத்லெட்டிக்ஸ்' என்று ஒரு பீரியடே டைம்டேபிளில் இருக்கும். அது போக, பள்ளி நேரத்துக்கு வெளியே ஒரு பள்ளி வாரத்தில் 8 மணி நேரம் வரை பயிற்சி வைக்கலாம். இந்த வரம்பை வைத்திருப்பது யு.ஐ.எல்., அதாவது டெக்சாஸ் பள்ளிப் போட்டிகளை நடத்தும் அமைப்பு. வாலிபால் மேட்ச் பெரும்பாலும் செவ்வாய், வெள்ளி மாலைகளில். ஆகஸ்டில் பள்ளி திறக்கும் முன்பே பயிற்சி தொடங்கிவிடும்.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் கவலை வேண்டாம். யு.ஐ.எல். விதிப்படி பொதுவாக ஞாயிறன்று பள்ளிப் பயிற்சியும் கிடையாது, போட்டியும் கிடையாது. உங்கள் தமிழ்ப் பள்ளி ஞாயிறு வகுப்பாக இருந்தால் தயங்காமல் சேருங்கள். சனிக்கிழமை வகுப்பு என்றால் ஆகஸ்ட், செப்டம்பரில் டோர்னமென்ட்டோடு இடிக்கும். இதையும் தமிழ்ப் பள்ளி டீச்சரிடம் முன்னாலேயே சொல்லிவிடுங்கள்.

இவ்வளவு நேரம் கேட்கிற ஒன்றில் பிள்ளையைச் சேர்க்கத்தான் வேண்டுமா என்று உங்கள் வீட்டுக்காரர் கேட்பார். சேர்க்க வேண்டும் என்பதுதான் என் கருத்து, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஊரில் நம்ம பிள்ளைக்குத் தெருவில் பாதிப் பேர் சொந்தம். அங்கே ஆயிரக்கணக்கான பிள்ளைகள் படிக்கும் ஒரு ஹைஸ்கூலில் மதியச் சாப்பாட்டுக்கு யார் மேசையில் போய் உட்காருவது என்பதே புதுப் பிள்ளைக்குப் பெரிய பாரம். டீமில் சேர்ந்த பிள்ளைக்கு ஆகஸ்டிலேயே அந்தப் பாரம் இறங்கிவிடும். பள்ளி திறக்கும் முன்பே பத்துப் பன்னிரண்டு பேரைத் தெரியும், பெரிய வகுப்பு அக்காக்கள் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். உங்கள் மகளுக்கு இது வாலிபாலைவிடப் பெரிய லாபம்.

சரி, தேதிக்கு வருவோம். நம்ம மாதங்களையும் அவர்கள் சீசனையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வாலிபால், கிராஸ் கண்ட்ரி, அமெரிக்க ஃபுட்பால், டீம் டென்னிஸ் எல்லாம் ஆகஸ்டில் தொடங்கி மழைக்காலம் வரை ஓடும். நமக்கு ஆடி பதினெட்டே ஆகஸ்ட் 2 அல்லது 3. கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழா, குகை வண்டி வேடிக்கை எல்லாம் சரியாக அந்த ட்ரை அவுட் நாட்களை ஒட்டித்தான் வருகின்றன. டீமில் இருக்கும் பிள்ளைக்கு ஹைஸ்கூல் முடியும் வரை ஆடித் திருவிழா வீடியோ காலில்தான், இதை இப்போதே மனதில் ஏற்றுக்கொள்வது நல்லது. பாஸ்கெட்பாலும் சாக்கரும் (நம்ம ஊர் கால்பந்து) குளிர்காலம். டிசம்பர் லீவில் ஊருக்கு வரலாம் என்று பார்த்தால் அப்போது டோர்னமென்ட் இருக்கும், இங்கேயோ மார்கழி, விசேஷம் எதுவும் வைக்க மாட்டார்கள். தை பிறந்து வரிசையாகக் கல்யாணம் வரும்போது அங்கே டிஸ்ட்ரிக்ட் மேட்ச், அதாவது தங்கள் பிரிவில் உள்ள பள்ளிகளோடு ஆடும் முக்கியமான சுற்று, நடந்துகொண்டிருக்கும். மே மாதம் ஏற்காடு கோடை விழாவுக்கு வரவும் வழியில்லை, டெக்சாஸில் பள்ளி விடவே மே கடைசி ஆகிவிடும்.

மிச்சம் இருப்பது வைகாசியின் பின்பாதியும் ஆனியும். ஜூன் தொடக்கத்தில் இருந்து ஜூலை நடுப்பகுதி வரை எந்த டீம் பிள்ளையும் நிம்மதியாக ஊருக்கு வரலாம். கோடையில் பள்ளியில் உடற்பயிற்சி முகாம் நடக்கும், ஆனால் விதிப்படி அதற்குக் கட்டாயப்படுத்த முடியாது. இங்கே அப்போது பள்ளி திறந்துவிடும் என்பதால் சித்தி பிள்ளைகள், பெரியப்பா பிள்ளைகள் பகலில் கிடைக்க மாட்டார்கள். பரவாயில்லை, அந்தப் பகல்களில் அம்மாயியோடு உட்காரட்டும். காலையில் காந்தி ஸ்டேடியத்தில் ஓடட்டும். சனி ஞாயிறில் எல்லாரையும் கூட்டிக்கொண்டு ஏற்காடு ஏறிவிடுங்கள். சுமார் 1,500 மீட்டர் உயரத்தில், ஜூன் மாதக் குளிரில் ஏரியைச் சுற்றி ஓடிவிட்டுப் போன பிள்ளை ஆகஸ்டில் தாக்குப்பிடிக்கும்.

அதனால் வீட்டில் அடுத்த கல்யாணத்துக்கு நாள் பார்க்கும்போது, ஜோசியரிடம் போகும் முன்பே, ஆனியில் முகூர்த்தம் கிடைக்குமா என்று பார்க்கச் சொல்லுங்கள். பெரியவர்களிடம் இதைக் கேட்பதில் தப்பே இல்லை. பேரப்பிள்ளை வர வேண்டும் என்ற ஆசை அவர்களுக்கும் இருக்கிறது. யாரும் அவர்களுக்குக் காரணத்தைச் சொல்வதில்லை, அவ்வளவுதான்.

இந்தத் தடவை ஆவணிதான் என்று முடிவாகிவிட்டது. இதில் ஒரு வசதி இருக்கிறது: சேலத்தில் ஆவணிக்கு மண்டபம் வேண்டுமென்றால் பல மாதம் முன்னாலேயே முன்பணம் கட்டியிருப்பார்கள். ஆகவே 'தேதி கடைசி நேரத்தில்தான் தெரிந்தது' என்ற பேச்சுக்கே இடமில்லை. மே மாதம் பல பள்ளிகளில் டீமில் சேர விரும்பும் பிள்ளைகளுக்கு ஒரு கூட்டம் வைப்பார்கள். அன்றைக்கே சொல்லிவிடலாம்.

சொல்ல வேண்டியது உங்கள் மகள். நீங்களோ அவள் அப்பாவோ மெயில் போட வேண்டாம். ஹைஸ்கூல் கோச் பிள்ளை வாயில் இருந்து கேட்க வேண்டும் என்று எதிர்பார்ப்பார். அவள் சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: 'என் அம்மாவின் தம்பிக்கு இந்தியாவில் கல்யாணம். இந்தத் தேதியில் இருந்து இந்தத் தேதி வரை நான் இருக்க மாட்டேன். ட்ரை அவுட் முழுவதும் இருப்பேன். டிஸ்ட்ரிக்ட் மேட்ச் தொடங்கும் முன் வந்துவிடுவேன். போகும் நாட்களில் என்ன பயிற்சி செய்ய வேண்டும் என்று சொல்லுங்கள்.' அவள் சொன்ன பிறகு நீங்கள் ஒரு வரி எழுதி உறுதிப்படுத்தினால் போதும்.

உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டு மட்டும் கிளம்பாதீர்கள். சிலர் அப்படியும் யோசனை சொல்வார்கள். பட்டுப்பாவாடையோடு மண்டபத்தில் எடுத்த போட்டோ அன்று மாலையே டீம் முழுக்கப் பார்த்துவிடும். அதற்கப்புறம் அந்தப் பிள்ளை உண்மையிலேயே காய்ச்சலில் படுத்தாலும் நம்புவதற்கு ஆள் இருக்காது.

எந்த வருடம் என்பதும் முக்கியம். ஒன்பதாவது வகுப்பு டீம் பிளே ஆஃப் என்னும் கடைசி நாக் அவுட் சுற்றுக்குப் போகாது, அது வார்சிட்டிக்கு, அதாவது பள்ளியின் முதன்மை டீமுக்கு மட்டும்தான். டிஸ்ட்ரிக்ட் மேட்ச்களும் பெரும்பாலும் செப்டம்பரில்தான் தொடங்கும். ஆக ஆகஸ்ட் கடைசியில் எட்டு ஒன்பது நாள் போய்வர இதைவிட நல்ல வருடம் கிடையாது. இதே பிள்ளை பதினொன்றாவதில் வார்சிட்டி செட்டராக, அதாவது அடிப்பவருக்குப் பந்தைத் தூக்கிக் கொடுப்பவளாக, இருந்தால் நான் வேறு மாதிரி சொல்லியிருப்பேன். களத்தில் ஆறு பேர், இரண்டாவது தொடுதல் பெரும்பாலும் செட்டருடையது. அவள் இல்லாவிட்டால் மற்ற ஐந்து பேரும் நிற்கும் இடமே மாறும். அந்த நிலையில் சொந்தத் தம்பி கல்யாணத்துக்கு நீங்கள் மட்டும் போய்விட்டு, அவளை நம்பகமான ஒரு வீட்டில் விட்டுவிட்டுப் போவதுகூட நியாயம்தான். இந்த வருடம் கல்யாணம் முடிந்து திரும்பி வந்ததும் அவளைக் கொஞ்ச நாள் பெஞ்சில் உட்கார வைப்பார்கள். அது தண்டனை இல்லை. அவள் இல்லாத நாட்களில் வேர்த்து ஆடிய பிள்ளைக்குக் களத்தில் அவள் இடம் போவதுதான் நியாயம். அதை மகளிடம் கிளம்பும் முன்பே பேசிவிடுங்கள்.

நம்ம சேலத்துக்காரர்களுக்கு இதைப் புரியவைக்க நான் நடராஜனைத்தான் சொல்வேன். சின்னப்பம்பட்டி நடராஜனுக்கு 2020 நவம்பரில் மகள் பிறந்தபோது அவர் ஐ.பி.எல். ஆட துபாய் பக்கம் இருந்தார். முதலில் வலைப்பயிற்சியில் பந்து வீசத்தான் தேர்வாகியிருந்தார், அங்கிருந்தே ஆஸ்திரேலியா போனார். டிசம்பர் 2 அன்று கான்பெராவில் முதல் ஒருநாள் போட்டி, அப்புறம் டி20, ஜனவரி 15 அன்று பிரிஸ்பேனில் டெஸ்ட் என்று ஒரே பயணத்தில் மூன்று வகையிலும் அறிமுகமானார். அதையெல்லாம் முடித்துவிட்டுத்தான் ஊருக்கு வந்தார். அதே பயணத்தில் கேப்டன் விராட் கோலி, மனைவிக்குப் பிரசவம் என்று அடிலெய்ட் டெஸ்டோடு ஊர் திரும்பினார். அணி கிளம்பும் முன், நவம்பரிலேயே வாரியம் அதற்கு அனுமதி கொடுத்து அறிவித்திருந்தது. அணி அவர் இல்லாத டெஸ்ட்களுக்குத் திட்டம் போட முடிந்தது, தொடரையும் வென்றது. ஒருவர் இருந்தார், ஒருவர் போனார், அணிக்கு இரண்டும் முன்பே தெரியும்.

விளையாட்டுக்காக வரவில்லை என்றால் தாத்தாக்கள் கோபப்படுவார்கள் என்று பயப்படுகிறவர்களுக்கும் ஒன்று சொல்கிறேன். பெரியவடகம்பட்டி மாரியப்பன் ரியோ பாராலிம்பிக்கில் உயரம் தாண்டுதலில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வாங்கிய 2016-க்குப் பிறகு, இந்த மாவட்டத்தில் விளையாட்டைப் பற்றிப் பெரியவர்கள் பேசும் தொனியே மாறியிருக்கிறது. உட்கார்ந்து விளக்கினால் கேட்டுக்கொள்கிறார்கள்.

இனி கோச்சைவிடக் கண்டிப்பான ஒன்று: மார்க். டெக்சாஸில் 'நோ பாஸ் நோ ப்ளே' சட்டம் உண்டு. மதிப்பெண் காலம் முடியும்போது ஒரு பாடத்தில் 70-க்குக் கீழே போனாலும் குறைந்தது மூன்று வாரம் மேட்ச் ஆட முடியாது. இந்தியா போய்வந்த பிள்ளைகள் மாட்டிக்கொள்வது இதில்தான். ஒப்படைக்காத அசைன்மென்ட்டுக்கெல்லாம் பூஜ்யம் ஏறிக் கிடக்கும். கிளம்பும் முன் ஒவ்வொரு டீச்சரிடமும் என்ன வேலை வரும் என்று கேட்டு வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள். மண்டபத்தில் ஒரு மூலையில் லேப்டாப்போடு அவள் உட்கார்ந்திருந்தால் சொந்தக்காரர்கள் ஏதாவது சொல்வார்கள், நீங்கள் அவளுக்குத் துணையாக நில்லுங்கள். வருகைப் பதிவும் 90 சதவீதம் வேண்டும். தீபாவளி மாதிரி மத நாட்களுக்கு டெக்சாஸ் சட்டப்படியே விடுப்பு உண்டு, எழுதிக் கொடுத்தால் போதும். கல்யாணத்துக்கு அது பொருந்தாது.

டிக்கெட் எடுக்கும்போது திரும்பும் நாளைச் சனிக்கிழமையாக வையுங்கள். ஆகஸ்டில் நேர வித்தியாசம் பத்தரை மணி நேரம். ஞாயிறு முழுக்கத் தூங்கி எழுந்து திங்கள் பயிற்சிக்குப் போகட்டும்.

கமென்ட்டில் வந்த இரண்டு கேள்விகளுக்கும் இங்கேயே பதில் எழுதுகிறேன்.

சூரமங்கலம் அண்ணன், மகன் பாஸ்கெட்பால் ஆடுகிறான், டிசம்பரில் ஊருக்கு வர முடியுமா என்று கேட்டிருக்கிறார். கிறிஸ்துமஸை ஒட்டி ஐந்து நாள் கட்டாய ஓய்வு கிடைக்கும். சேலம் வந்து போக அது பத்தாது. தாத்தாவையும் அம்மாயியையும் நீங்கள் அங்கே வரவழைத்துவிடுங்கள் அண்ணா. பேரன் ஆடும் மேட்சை நேரில் பார்க்கட்டும். விசிட்டர் விசாவுக்கு இப்போதே விண்ணப்பித்தால் நல்லது, கம்பளிச் சட்டையை அங்கே வாங்கிக்கொள்ளலாம்.

இன்னொரு தங்கை, ஊரில் அப்பாவுக்கு உடம்பு முடியவில்லை, ஏதாவது ஆகிவிட்டால் கோச்சிடம் எப்படிச் சொல்வது என்று கேட்டிருக்கிறாள். அம்மா, அதற்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். ஏர்போர்ட்டில் இருந்து இரண்டு வரி அனுப்பினால் போதும். துக்கத்துக்குப் போன பிள்ளையை எந்த நல்ல கோச்சும் கேள்வி கேட்க மாட்டார்.

வாலிபால் தங்கச்சிக்குக் கடைசியாக ஒன்று. ஒன்பதாவது சேரும் பிள்ளைக்குப் புதிதாக மருத்துவப் பரிசோதனைப் படிவம் வேண்டும். அது இல்லாமல் ட்ரை அவுட்டில் கால் வைக்க விட மாட்டார்கள். ஜூலை கடைசியில் எல்லாக் கிளினிக்கிலும் கூட்டமாக இருக்கும். பள்ளியில் எந்தத் தேதிக்குப் பிறகு எடுத்த படிவம் செல்லும் என்று கேட்டுக்கொண்டு, ஜூன் மாதமே கையெழுத்து வாங்கிப் பள்ளித் தளத்தில் ஏற்றிவிடுங்கள்.