மழைக்காலத்தில் 50 கிலோமீட்டர் மலை ஓட்டம்: தண்ணீர் புகாத ஷூ வாங்கலாமா?

மேட்டுப்பாதை

ரோட்டில் இரண்டு முழு மராத்தான் ஓடியிருக்கிறேன். இப்போது முதல் முறையாக மலைப்பாதையில் 50 கிலோமீட்டருக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன், அதுவும் நடு மழைக்காலத்தில். மொத்த ஏற்றம் 2,400 மீட்டர், 12 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும்.

போன ஞாயிற்றுக்கிழமை பயிற்சிக்குப் போன இடத்தில் மூன்று மணி நேரம் விடாத மழை. இறக்கத்தில் இரண்டு முறை வழுக்கி விழுந்தேன், அதுகூடப் பரவாயில்லை. வீட்டுக்கு வந்து சாக்ஸைக் கழற்றினால் உள்ளங்கால் வெள்ளை வெளேரென்று ஊறிப்போய் மடிப்பு மடிப்பாகக் கிடக்கிறது, குதிகாலில் ஒரு மடிப்பு பிளந்தே விட்டது. மூன்று மணி நேரத்துக்கே இப்படியென்றால் 12 மணி நேரத்துக்கு என்ன ஆகும்? தண்ணீர் புகாத ஷூ வாங்கினால் தீருமா? அப்புறம் காலில் ஏறி ரத்தம் குடிக்கும் அட்டைக்கு என்ன செய்வீர்கள், உப்பு கொண்டுபோக வேண்டுமா?

பழைய ஷூ

வாங்காதீர்கள். அந்தக் காசுக்கு நான்கு ஜோடி நல்ல சாக்ஸ் வாங்கலாம். தண்ணீர் புகாத ஷூவில் தண்ணீர் பக்கவாட்டில் வராது, சரி, ஆனால் கணுக்கால் வழியாக வரும். காலில் வழிகிற மழை நேராக உள்ளேதான் இறங்கும், ஓடையில் ஒரு தடவை கால் வைத்தால் போதும். உள்ளே வந்த தண்ணீர் வெளியே போகவும் வழியில்லாமல் கடைசி வரைக்கும் சளக் சளக் என்று கூடவே வரும். மெல்லிய வலைத்துணி ஷூவில் நனைவது உறுதி, ஆனால் இருபது முப்பது அடி வைப்பதற்குள் பாதி தண்ணீர் பிதுங்கி வெளியேறிவிடும். நனையாமல் ஓடுவது என்பதே மழைக்காலத்தில் கிடையாது, நனைந்த காலை எப்படிக் காப்பாற்றுவது என்றுதான் யோசிக்க வேண்டும்.

நான் செய்வது இது. ஓட்டத்துக்கு முன்னால் பாதம் முழுக்க, விரலிடுக்கு விடாமல், வாசலின் அல்லது ஜிங்க் ஆக்ஸைடு களிம்பைத் தடிமனாகப் பூசுவேன். வெண்ணெய் தடவின மாதிரி இருக்க வேண்டும், பேருக்குத் தேய்த்தால் பத்தாவது கிலோமீட்டரில் காணாமல் போகும். மெல்லிய கம்பளி சாக்ஸ், பருத்தி வேண்டவே வேண்டாம். பாதி தூரத்து உதவி மையத்தில் உட்கார்ந்து, ஷூவைக் கழற்றி, காலைத் துடைத்து, ஐந்து நிமிடம் வெறுங்காலாகக் காற்றாட வைத்துவிட்டு, மறுபடி களிம்பு, புது சாக்ஸ். அந்த ஐந்து நிமிடத்தை மிச்சம் பிடிக்கப் போய்க் கடைசி 15 கிலோமீட்டரைக் கண்ணாடித் துண்டின் மேல் நடப்பது போல நடந்தவன் நான்.

வழுக்கலுக்கு, அடியில் 5 மில்லிமீட்டருக்குக் குறையாமல் புடைத்து நிற்கும் ரப்பர் கட்டைகள் உள்ள ஷூ சேற்றில் பிடிக்கும். ஈரப் பாறையில் கட்டை உதவாது, ரப்பர் மென்மையாக இருந்தால்தான் பிடிப்பு. பாறையை விட மோசம் மரவேர், அதிலும் பாதைக்குக் குறுக்கே சாய்வாகக் கிடக்கும் வேர். அதை மிதிக்காதீர்கள், தாண்டுங்கள். இறக்கத்தில் பயந்து பின்னால் சாய்ந்தால்தான் விழுவோம், உடம்பைக் கொஞ்சம் முன்னால் கொடுத்துச் சின்னச் சின்ன அடியாக வையுங்கள்.

கூடுவிட்டவன்

கால் பற்றி அவர் சொன்னது எல்லாம் சரி, ஆனால் கேள்வியில் குளிர் பற்றி ஒரு வார்த்தை இல்லை, எனக்கு அதுதான் பயம்.

ஓடிக்கொண்டிருக்கும் வரைக்கும் குளிர் தெரியாது. நான் ஒரு போட்டியில் 38-வது கிலோமீட்டர் வரை வெறும் டீ-ஷர்ட்டில் ஜாலியாக வந்து, மையத்தில் 20 நிமிடம் உட்கார்ந்துவிட்டேன். எழுந்தால் பல் கிட்டுகிறது, பையின் ஜிப்பை இழுக்க விரல் வரவில்லை, உள்ளே இருந்த ஜாக்கெட்டை எடுக்கவே இன்னொருவர் உதவ வேண்டியிருந்தது. பனியெல்லாம் இல்லை, 14 டிகிரிதான். நனைந்த உடம்பு, மேலே காற்று, அவ்வளவு போதும். உயரம் 1,000 மீட்டர் கூடினால் சுமார் 6 டிகிரி குறையும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

2021 மே மாதம் சீனாவின் கான்சு மாகாணத்தில் 100 கிலோமீட்டர் மலை ஓட்டத்தில் திடீரென்று மழையும் ஆலங்கட்டியும் காற்றும் வந்து 21 பேர் இறந்தார்கள். பலர் அரைக்கால் சட்டையில் இருந்தார்கள், நன்றாகப் பயிற்சி பெற்ற ஓட்டக்காரர்களும் இறந்தவர்களில் உண்டு. அதனால் முகட்டுக்கு ஏறும் முன்பே, உடம்பு சூடாக இருக்கும்போதே ஜாக்கெட்டைப் போடுங்கள். தையல் வழியே தண்ணீர் புகாதபடி நாடா ஒட்டிய, தலைமூடி உள்ள ஜாக்கெட், பாலித்தீன் பையில் சுற்றிய ஒரு காய்ந்த முழுக்கை பனியன், வெள்ளிக் காகிதப் போர்வை. போட்டி விதியில் கேட்காவிட்டாலும் எடுத்துப் போங்கள்.

சதுப்பு

அட்டைக்கு உப்பும் வேண்டாம் நெருப்பும் வேண்டாம். அப்படிச் செய்தால் அது குடித்ததைக் காயத்துக்குள்ளேயே கக்கும் வாய்ப்பு உண்டு. மெல்லிய முனைதான் வாய்ப்பக்கம், அந்த இடத்தில் நகத்தைத் தோலோடு ஒட்டிச் சறுக்கினாற்போல் தள்ளினால் விட்டுவிடும், அடுத்து தடித்த முனையை எடுத்து வீசுங்கள். அதன் எச்சில் ரத்தத்தை உறைய விடாது, அதனால் சாக்ஸ் சிவப்பாகும், பார்க்கப் பயங்கரம், விஷயம் ஒன்றுமில்லை.

உண்மையில் பயப்பட வேண்டியது தண்ணீருக்கு. 2000-ல் போர்னியோவில் நடந்த ஒரு பல நாள் சாகசப் போட்டிக்குப் பிறகு 189 பேரை விசாரித்ததில் 80 பேருக்கு எலிக்காய்ச்சல் (எலி போன்றவற்றின் சிறுநீர் கலந்த தண்ணீரால், காயம் வழியாகவும் தொற்றும் நோய்) அறிகுறி இருந்தது, ஆற்றில் நீந்தியதுதான் முக்கியக் காரணம் என்று கண்டார்கள். உங்கள் குதிகால் பிளவு ஆறாமல் கலங்கல் தண்ணீரில் இறங்காதீர்கள். போட்டி முடிந்து இரண்டு மூன்று வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால், ஆற்றுத் தண்ணீரில் நின்றதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

ஓடை முழங்காலுக்கு மேல் ஓடினால் நில்லுங்கள். தெளிவாக ஓடிய தண்ணீர் திடீரென்று செம்மண் நிறமாகிச் சுள்ளி மிதந்து வந்தால் மேலே வெள்ளம் புறப்பட்டுவிட்டது, இறங்கவே கூடாது. நேரம் போனால் போகட்டும்.

மேட்டுப்பாதை

எல்லாருக்கும் நன்றி. ஷூ ஆசையை விட்டாயிற்று. இன்னொன்று, கடைசி 8 கிலோமீட்டர் இருட்டில் வரும் போலிருக்கிறது. நெற்றி விளக்குப் போட்டால் மூடுபனியில் வெள்ளைச் சுவர்தான் தெரிகிறது.

பழைய ஷூ

விளக்கை நெற்றியிலிருந்து இறக்கி இடுப்பில் கட்டுங்கள், வெளிச்சத்தையும் குறையுங்கள். கண்ணுக்குப் பக்கத்திலேயே விளக்கு இருப்பதால்தான் பனியில் பட்ட வெளிச்சம் நேரே கண்ணுக்குத் திரும்புகிறது. கீழே இருந்து அடித்தால் கல்லுக்கு நிழல் விழும், மேடு பள்ளம் பிரிந்து தெரியும். போட்டிக்கு முன்னால் ஒரு ராத்திரி பழகிப் பாருங்கள், முதலில் நடை கொஞ்சம் கோமாளித்தனமாக இருக்கும்.