பெயின்ட் தின்னர் முகர்ந்த பழக்கம் இருந்த சிப்பாயிடம் துப்பாக்கி இருக்கலாமா?

காவலரண்:
பள்ளி வயதில் பசை, தின்னர், பெட்ரோல் முகர்ந்து பழகியவர்கள் படையில் சேர்ந்தபின் மனச்சோர்வு, எரிச்சல், மறதி என்று வந்து நிற்கிறார்கள். பழக்கம் இருந்தது தெரிந்தால் ஆயுதப் பணியிலிருந்து நிரந்தரமாக விலக்க வேண்டும் என்பது என் கருத்து. தின்னரில் உள்ள டொலுவீன் என்ற கரைப்பான் மூளையின் வெண்பொருளையே, அதாவது நரம்பிழைகள் ஓடும் பகுதியையே, அரிக்கிறது. காவல் பணியில் தடுமாறுபவனுக்குப் பக்கத்தில் நிற்பவனின் உயிருக்கு யார் பொறுப்பு?

நிழல்மரம்:
ஐயா, நான் மனநலப் பிரிவில் செவிலி. நீங்கள் சொல்லும் பாதிப்பு உண்மைதான்; ஆனால் அது பெரும்பாலும் ஆண்டுக்கணக்கில் அதிகமாக முகர்ந்தவர்களுக்கு நேர்வது. ஆஸ்திரேலியாவில் பெட்ரோல் முகர்ந்து பழகியவர்களை, பழக்கத்தை விட்டு 2 ஆண்டுகள் கழித்து மறுபடி பரிசோதித்தார்கள். பலருக்கு நினைவாற்றலும் கவனமும் தேறியிருந்தன. அந்தப் பெட்ரோலில் கலந்திருந்த ஈயத்தின் நச்சால் மூளை கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்கள்தாம் முழுமையாகத் தேறவில்லை. ஆளைப் பார்க்காமல் ‘நிரந்தரம்’ என்று எப்படி எழுதுவீர்கள்?

விலக்கிவிடுவார்கள் என்று தெரிந்தால் ஒருவனும் வாய் திறக்க மாட்டான். வழக்கமான சிறுநீர்ப் போதைப் பரிசோதனையில் இவை சிக்குவதில்லை. வெடி அதிர்ச்சியால் வரும் மூளைக் காயத்திலும் போர்க்கள அதிர்ச்சியிலும் இதே மறதி, இதே எரிச்சல்தான். பழைய கதையை அவன் மறைத்தால் மருத்துவர் பாதிக் காரணத்துக்கு மட்டுமே சிகிச்சை தருவார்.

காவலரண்:
மறைப்பவனை நான் ஏன் நம்ப வேண்டும்? டொலுவீன் உடலில் ஹிப்யூரிக் அமிலமாக மாறுகிறது; சிறுநீரில் அதை அளந்தால் தெரிந்துவிடுமே.

நிழல்மரம்:
பென்சோயேட் என்ற பதப்படுத்தும் பொருள் கலந்த உணவும் குளிர்பானமும் அதே அமிலத்தைக் கூட்டும். அதை மட்டும் வைத்து ஒருவனின் பிழைப்பைப் பறிக்க முடியாது. மேலும், அது அண்மையில் முகர்ந்ததைத்தான் காட்டும். பள்ளி நாட்களைக் காட்டாது.

பட்டறைக்காரன்:
இருவரும் ஒன்றை விட்டுவிட்டீர்கள். ஆயுதத்தை வாங்கிக்கொண்ட பிறகு அந்தப் பையனை எங்கே அனுப்புகிறோம்? வண்டிப் பட்டறைக்கு, பெயின்ட் கிடங்குக்கு! எந்த வாசனையிலிருந்து மீண்டானோ, நாள் முழுக்க அதற்குள்ளேயே நிற்க வைக்கிறோம். அங்கே மறுபடி முகர்ந்துவிட்டு, பயந்துபோய் அணிவகுப்புக்கு ஓடினால் இதயத் துடிப்பு தாறுமாறாகி அந்த இடத்திலேயே உயிர் போகலாம். முதல் தடவை முகர்ந்தவர்கள்கூட இப்படி இறந்திருக்கிறார்கள்.

காவலரண்:
பட்டறை கூடாது என்பதில் எனக்கும் மறுப்பில்லை. ஆனால் மனச்சோர்வில் இருப்பவனின் கைக்கெட்டும் தூரத்தில் துப்பாக்கி இருக்கலாம் என்று மட்டும் சொல்லாதீர்கள். அப்படி இருந்ததால் போன உயிர்கள் போதும்.

நிழல்மரம்:
அதை நான் சொல்லவே இல்லை, ஐயா. இன்றே வாங்கி வையுங்கள். நானே கேட்டு வாங்குவேன். தூக்கம், மனநிலை, நினைவாற்றல், நடையின் நிதானம் எல்லாவற்றையும் குறித்த இடைவெளியில் சோதியுங்கள். தேறிவிட்டால் திருப்பிக் கொடுங்கள். திரும்பக் கிடைக்கும் என்ற உறுதி இருந்தால்தான் அடுத்தவன் தானாக வந்து சொல்வான்.

காவலரண்:
தேறிவிட்டான் என்று கையெழுத்திடுவது மருத்துவராக இருக்க வேண்டும். ஆள் பற்றாக்குறையில் தவிக்கும் படைத் தளபதியிடம் அந்தப் பேனாவைக் கொடுத்தால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

நிழல்மரம்:
மருத்துவர்தான். பட்டறைக்கு அனுப்பக் கூடாது என்பதையும் அதே தாளில் அவரே எழுத வேண்டும்.