கோட் 3 வண்டியைத் தமிழில் எப்படிச் சொல்வது?

நண்பர்களுக்கு வணக்கம்.

விபத்தில் பெரிதும் சிதைந்து, பிறகு திரும்பக் கட்டிய வண்டிகளைத் தென்னாப்பிரிக்கப் பதிவு முறை 'கோட் 3' என்கிறது. அவற்றைத் தமிழில் எப்படிச் சொல்வது என்ற கேள்விக்கு நம் குழுவில் இதுவரை வந்துள்ள 'சேத வண்டி', 'மறுசீர் வண்டி', 'மறுபிறவி வண்டி' ஆகிய பரிந்துரைகளைத் தென்னாப்பிரிக்கச் சட்டத்தோடு வைத்துப் பார்த்தேன். மூன்றும் வண்டிக்கு நேர்ந்ததைச் சொல்கின்றனவே தவிர, பதிவுச் சான்றிதழில் அதன் நிலை என்ன என்பதைச் சொல்லவில்லை. டர்பனில் பீனிக்ஸ், சாட்ஸ்வர்த் பக்கம் பழைய பக்கி (சிறு சரக்கு வண்டி) ஒன்றை வாங்கப் போகிறவர் முதலில் அறிய வேண்டியது அந்தப் பதிவு நிலையைத்தான்.

1996ஆம் ஆண்டின் தேசியச் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் கீழ் அமைந்த பதிவு முறையில் கோட் 1 புதிய வண்டி. கோட் 2 பயன்பட்ட வண்டி. கோட் 3 திரும்பக் கட்டியது. கோட் 3ஏ உதிரி உறுப்புகளுக்கு மட்டும் உதவுவது, சாலைக்குத் திரும்பவே முடியாதது. கோட் 4 நிலையாக அழிந்தது. கடைசி இரண்டையும் வரையறுக்கும்போது சட்டம் நசுங்கிய கதவையோ உடைந்த கண்ணாடியையோ பார்ப்பதில்லை, அடிச்சட்டத்தையே (சேஸி) பார்க்கிறது. அடிச்சட்டத்தை அழுத்தியோ உருக்கியோ, இனி அதன்மேல் ஒரு வண்டி கட்ட முடியாதபடி அழித்துவிட்டால் அது கோட் 4.

ஆகவே கோட் 4க்கு 'அடியழிவு வண்டி' என்பதை முன்வைக்கிறேன். அடியோடு அழிந்தது என்ற வழக்கும் அடிச்சட்டம் என்ற சொல்லும் அதில் ஒருங்கே நிற்கின்றன. கோட் 3ஏக்கு 'ஓட்டத்தகா வண்டி' என்று ஒருவர் சொன்னது அழகாக இருந்தாலும், தேய்ந்த டயருக்காக ரோட்வர்த்தி சோதனையில் (சாலையில் ஓடத் தகுதி உண்டா என்று பார்க்கும் சோதனை) தோற்ற வண்டியும் அன்றைக்கு ஓட்டத்தகாததுதான் என்பதால் குழப்பம் வரும். 'உதிரிப்பயன் வண்டி' என்றால் எதற்கு உதவும் என்பதும் எதற்கு உதவாது என்பதும் சேர்ந்தே விளங்கும்.

கோட் 3க்கு என் பரிந்துரை 'மறுகட்டு வண்டி'. 'மறுசீர்' என்றால் பேனல் பீட்டரிடம் (வண்டியின் உடற்பகுதியைப் பழுது பார்ப்பவர்) பம்பரைத் தட்டி நிமிர்த்தியதும் அதில் அடங்கிவிடும். 'கட்டு' என்பதோ லாரிக்குப் பாடி கட்டுவது என்று நாம் ஏற்கெனவே வண்டிக்குச் சொல்லும் வினை. இப்படிக் கட்டிய வண்டியைப் பதிவதற்குக் காவல்துறையின் ஒப்புதலும் ரோட்வர்த்தி சான்றும் வேண்டும். அதன்பின் அது எத்தனை கை மாறினாலும் கோட் 2க்குத் திரும்பாது. வங்கிகள் அதற்குக் கடன் தரத் தயங்குவதும், மறுவிற்பனையில் விலை இறங்குவதும் இதனால்தான்.

இவற்றைவிடச் சிக்கலானது, காப்பீட்டு நிறுவனங்கள் பழுது பார்க்காமல் கைவிடும் வண்டியைக் குறிக்கும் 'ரைட் ஆஃப்' என்ற சொல். கணக்கியல் பழக்கத்தில் அதைப் 'பதிவழிப்பு' என்று எழுதுவோர் உண்டு. இங்கே அச்சொல்லை அறவே தவிர்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பழுது பார்க்கும் செலவு கட்டுப்படியாகாது என்று காப்பீட்டு நிறுவனம் எடுக்கும் வணிக முடிவு அது. அதனால் மட்டும் வண்டியின் பதிவு நிலை மாறிவிடுவதில்லை. அப்படிக் கைவிட்ட வண்டிகள் பல கோட் 2ஆகவே ஏலத்துக்குப் போய், பளபளப்பாகத் திரும்பி வருகின்றன. சான்றிதழில் ஒரு வடுவும் தெரியாது. பேனல் பீட்டர்களின் சங்கம் நெடுங்காலம் முறையிட்ட பிறகே, காப்பீட்டாளர் சங்கம் அடிச்சட்ட எண்ணை இட்டுப் பொதுமக்களே தேடிப் பார்க்கும் இணைய வசதியைத் திறந்தது. எனவே அழிவையோ பதிவையோ சுட்டாத 'செலவுமிகை வண்டி' என்ற சொல்லே இதற்குப் பொருந்தும். ஒரு வண்டி செலவுமிகை வண்டியாகவும் கோட் 2ஆகவும் ஒரே நேரத்தில் இருக்க முடியும் என்ற செய்தியைத் தமிழில் முரணின்றி எழுத இச்சொல் இடம் தருகிறது, 'பதிவழிப்பு' தராது.

கோட் 2க்குப் 'பழைய வண்டி' என்பது போதாது. வாங்கிய மறுவாரமே விற்றாலும் வண்டி கோட் 2 ஆகிவிடுவதால் 'கைமாறிய வண்டி' எனலாம். ஆயினும் எந்தச் சொல்லை ஏற்றாலும் எண்ணை விட்டுவிடாமல் 'மறுகட்டு வண்டி, கோட் 3' என்று சேர்த்தே எழுதுவோம்; பதிவு அலுவலகத்தின் தாளில் வாங்குபவர் தேட வேண்டியது அந்த எண்ணைத்தான்.