ஜனவரியில் லிஸ்பன் போகிறோம், பெட்டியில் என்ன வைப்பது?

உப்புவெளிக்காரன்:
வணக்கம். ஜனவரி நடுவில் பத்து நாள் போர்த்துக்கல் தலைநகர் லிஸ்பன் போகிறோம், நானும் மனைவியும் அம்மாவும். அம்மாவுக்கு 64 வயது, முழங்கால் நோ இருக்கிறது. தங்குகிற வீடு அல்ஃபாமா என்ற பழைய பகுதியில், லிஃப்ட் இல்லையாம். குளிர் என்றால் எனக்குத் தெரிந்தது நுவரெலியா மட்டும்தான். ஆளுக்கு 23 கிலோ. மனைவி இப்போதே நாலு மொத்த ஜாக்கெட் வாங்கிவிட்டார், அம்மா கருவாடும் கறிவேப்பிலையும் மிளகாய்த்தூளும் கட்டிக்கொண்டிருக்கிறார். எதை எடுக்க, எதை விட?

பழைய கப்பல்காரன்:
தம்பி, முதலில் சப்பாத்தைப் பாரும். அந்தச் சொல்லே போர்த்துக்கேயன் நமக்கு விட்டுப்போனதுதான் (நம்ம திருகோணமலைக் கோணேசர் கோயிலை அவன் இடித்ததற்குப் பதிலாக என்று வைத்துக்கொள்ளும்). அங்கே நடைபாதை எல்லாம் சின்னச் சின்ன வெள்ளைச் சுண்ணாம்புக் கல் பதித்தது, பல வருசமாக மிதிபட்டு வழுவழுப்பாகி, மழை பெய்தால் பாசி பிடித்த கிணற்றடி மாதிரி வழுக்கும், அதுவும் ஏற்ற இறக்கத்தில். அடி ரப்பராகவும் பிடிப்பாகவும் இருக்க வேண்டும். புதிதாக வாங்கினால் இப்போதே போட்டு, கோணேசர் கோயில் ஏற்றத்தில் பத்துத் தரம் நடந்து பழக்கிவிடுங்கள், அம்மாவும்தான்.
1755 பூகம்பத்தில் நகரம் பெரும்பாலும் விழுந்தபோது அல்ஃபாமா ஓரளவு தப்பியது, அதனால் தெருக்கள் இன்னும் ஒடுங்கிப் படிக்கட்டாகவே கிடக்கின்றன. கார் வாசல் வரை வராமல் போகலாம், சில்லு இருந்தாலும் பெட்டியைத் தூக்கத்தான் வேண்டும். 23 கிலோ தருகிறார்கள் என்று 23ஐயும் நிரப்பாதீர். ஒரு பெட்டி 12 கிலோ, அவ்வளவுதான்.

நிலாவெளி அக்கா:
நாலு ஜாக்கெட் வேண்டாம். பகலில் 14, 15 பாகை, இரவில் 8 அளவு, உங்கள் நுவரெலியாதான். ஆனால் பழைய வீடுகள் பலவற்றில் ஹீட்டர் ஒழுங்காக இருக்காது, வெளியே வெயில் காய்ந்துவிட்டு உள்ளே வந்தால்தான் நடுங்கும். உள்ளே போடுகிற மெல்லிய கம்பளிச் சட்டை இரண்டு, ஒரு ஜம்பர், மேலே தொப்பி வைத்த மழைக்கோட், படுக்கும்போது மொத்த மேசு. குடை வேண்டாம், கடல் காற்றில் நம்ம வாடைக்கு மடங்குவது போல மடங்கும்.
சாப்பாடு: கறிவேப்பிலை சான்றிதழ் இல்லாமல் கொண்டுபோகக் கூடாது. இறைச்சி, பால் பொருள்களும் தடை. மீன் ஆளுக்கு 20 கிலோ வரை விடுவார்கள், கருவாடும் அதில் அடங்கும், அம்மாவிடம் சொல்லுங்கள். ஆனால் ஊரே உப்புக் கருவாடு தின்கிற ஊர், பகல்யாவ் என்று கடையில் அடுக்கியிருப்பார்கள்.

பழைய கப்பல்காரன்:
பிளக் மறந்துவிட்டேன். நம்ம சதுர மூன்று பின் அங்கே போகாது, அவர்களுடையது இரண்டு உருண்டைப் பின். அடாப்டர் இரண்டு வாங்கும். கரண்ட் 230 வோல்ட்தான், பயமில்லை. 28ஆம் இலக்க ட்ராமில் பாஸ்போர்ட்டைப் பின் பொக்கெட்டில் வைக்காதீர், களவு கனக்க.

உப்புவெளிக்காரன்:
நன்றி ஐயா, அக்கா. கறிவேப்பிலை வெளியே வந்துவிட்டது. கருவாடு மூன்று பை சுற்றி உள்ளேதான் இருக்கிறது, அம்மா விடமாட்டாராம். ஜாக்கெட் விசயம் மனைவியிடம் இன்னும் சொல்லவில்லை.