சைக்கிள் கிளவுஸ்: தடித்த ஜெல்லா, மெல்லிய பேடா?

நண்பர்களே, நீண்ட தூரத்துக்கு ஒத்துவரும் சைக்கிள் கிளவுஸ் ஒன்று சொல்லுங்கள். ஞாயிறு காலைகளில் திருவான்மியூரிலிருந்து ஈசிஆர் வழியாக மாமல்லபுரம் வரை போய்வருகிறேன். கோவளம் தாண்டும்போதே சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போகின்றன. உள்ளங்கையின் சுண்டுவிரல் பக்கமாக ஓடும் அல்நார் நரம்பு ஹேண்டில்பாரில் அழுந்துவதால் வருவது இது, சீட் முன்பக்கம் சாய்ந்திருந்தால் எடை கைக்கு வரும் என்பதால் அதைச் சமமாக்கிவிட்டேன், ஹேண்டிலையும் கொஞ்சம் உயர்த்தியாச்சு, ஓரளவு குறைந்தது, முழுதாகப் போகவில்லை.

இப்போது இருப்பது தடித்த ஜெல் வைத்த அரைவிரல் கிளவுஸ். தடிமன் கூடினால் சுகம் கூடும் என்று கடையில் சொல்கிறார்கள், எனக்கென்னவோ ஜெல் நடுவில் மடிந்து வேறு இடத்தில் அழுத்துவதாகத்தான் படுகிறது. அப்புறம் நம்ம ஊர் வியர்வை! உப்பு ஊறி ஊறிக் கட்டைவிரல் இடுக்கில் தையல் பிரிகிறது, வெல்க்ரோ பிடிப்பதே இல்லை.

மெல்லிய பேடு, மேல்பக்கம் வலைத்துணி, உள்ளங்கையில் செயற்கைத் தோல், இப்படி ஒன்றை வாராவாரம் துவைத்தும் ஒரு வருடத்துக்கு மேல் ஓட்டியவர்கள் யாராவது இருக்கிறீர்களா? வெல்க்ரோ இல்லாமல் இழுத்து மாட்டும் வகை, வியர்த்த கையோடு கழற்றும்போது கிழியாதா? 1,500 ரூபாய் வரை பரவாயில்லை. உள்ளங்கைச் சுற்றளவு 21 செ.மீ., மீடியம் எடுப்பதா லார்ஜ் எடுப்பதா?