ஆர்ஓ ரிஜெக்ட் கூடிட்டே போகுது, மெம்பரேன் மாத்தணுமா?

நைட்ஷிப்ட்: திருப்பூர் சாயப்பட்டறைல ஈடிபி (கழிவுத் தண்ணி சுத்தம் பண்ற பிளான்ட்) பாக்கறேங்க. ஆர்ஓ (மெம்பரேன் படலத்துல தண்ணியை அமுக்கி உப்பைப் பிரிக்கறது) மூணு ஸ்டேஜ். ஆறு மாசம் முன்னாடி 100 கேஎல் (ஒரு கேஎல்னா ஆயிரம் லிட்டர்) விட்டா 85 நல்ல தண்ணி வந்தது. இப்ப 75 தாண்ட மாட்டேங்குது. ஃபீடு பிரஷரை 18 கிலோல இருந்து 24 வரைக்கும் ஏத்தியாச்சு. ரிஜெக்ட், அதாவது மிஞ்சற உப்புத் தண்ணி, எல்லாம் ஆவியாக்கற எவாப்பரேட்டருக்குப் போறதால பாய்லருக்கு விறகு பத்தலை. மெம்பரேன் ஆயுசு முடிஞ்சுது, மொத்தமா மாத்துங்கன்னு சப்ளையர் சொல்றாரு. முதலாளிகிட்ட என்ன சொல்லட்டுங்க?

நீலச்சாயம்: பெர்மியேட் (பிரிஞ்சு வர்ற நல்ல தண்ணி) டிடிஎஸ், அதாவது கரைஞ்ச உப்பு அளவு, ஏறியிருக்கா? தண்ணியும் கூடி, டிடிஎஸ்ஸும் ஏறினா குளோரின் பட்டிருக்கும். பாலியமைடு படலம் குளோரின் தாங்காது. குளோரினை முறிக்கற மெட்டா பைசல்பைட் டோசிங் பம்ப்பைப் பாருங்க.

நைட்ஷிப்ட்: டிடிஎஸ் பழையபடிதாங்க. தண்ணிதான் குறைஞ்சிருக்கு.

நொய்யல்கரை: அப்படின்னா படலம் நல்லாத்தான் இருக்குது தம்பி, மேல அழுக்கு படிஞ்சிருக்கு. மாத்த வேண்டாம். முதல்ல பிரஷரை இறக்குங்க. அமுக்க அமுக்க அழுக்கு இறுகத்தான் செய்யும்.

85 போய் 75ன்னா கேக்கறதுக்குப் பத்துதான். ரிஜெக்ட் பக்கம் பாருங்க: 15 இருந்தது 25 ஆயிருச்சு. ஒரு கேஎல் தண்ணியை ஆவியாக்க, கரண்ட் கணக்குல சொன்னா, 600 யூனிட்டுக்கு மேல சூடு வேணும். எவாப்பரேட்டர்ல அடுத்தடுத்து அஞ்சு எஃபெக்ட்ல (கலத்துல) அதே சூட்டைப் பங்கு பிரிச்சாலும் 100 யூனிட் தாண்டும். ஆர்ஓ கடல் தண்ணியைப் பிரிக்கவே மூணு நாலு யூனிட்தான் எடுக்குது. உங்க விறகு அங்கதான் போகுது.

ஸ்டேஜ் வாரியா உள்ள போற பிரஷர், வெளிய வர்ற பிரஷர் ரெண்டையும் எழுதுங்க. முதல் ஸ்டேஜ்ல வித்தியாசம் ஏறியிருந்தா பாக்டீரியா விட்டுச் சுத்தம் பண்ற பயோ டேங்க்ல இருந்து வர்ற சகதி. கடைசி ஸ்டேஜ்னா உப்புப் படிவு. கடைசி எலிமென்ட்டை (மெம்பரேன் சுருளை) வெளிய இழுத்துத் தூக்கிப் பாருங்க, படிவு இருந்தா கனக்கும். உள்ள இருக்கற வெள்ளைப் பொடில ஆசிட் ரெண்டு சொட்டு விடுங்க. பொங்கினா கார்பனேட், சிட்ரிக் ஆசிட்ல கரைஞ்சிரும். பொங்கலைன்னா கால்சியம் சல்ஃபேட்டோ சிலிக்காவோ, அது லேசுல போகாது.

சகதின்னா காஸ்டிக் சோடா கழுவல்தான் முதல்ல. எடுத்ததும் ஆசிட் விட்டுறாதீங்க, சகதி இன்னும் இறுகிக்கும். மெம்பரேன் டேட்டா ஷீட்ல போட்ட பிஹெச், சூடு ரெண்டையும் தாண்டாதீங்க.

சாயக்கழிவு நொய்யல் ஆத்துல கலக்குதுன்னு 2011 ஜனவரில ஹைகோர்ட் உத்தரவுல பட்டறை எல்லாம் பூட்டினப்ப நானும் வேலையில்லாம உக்காந்திருந்தேன். அந்தக் கழிவு தேங்கின ஒரத்துப்பாளையம் அணைத் தண்ணி இருந்த கோலத்தையும் பாத்தவன். ரிஜெக்ட் தேங்கினா எங்காவது திறந்துவிடத் தோணும். அதுக்கு இடமே குடுக்காதீங்க.

நைட்ஷிப்ட்: எழுதிப் பாத்தேங்ணா. முதல் ஸ்டேஜ் வித்தியாசம் 1.1 இருந்தது 2.6 ஆயிருக்கு, கடைசி ஸ்டேஜ் மாறலை. மூடி கழட்டினா முகப்புல பழுப்பா வழவழன்னு ஒட்டுது, சாக்கடை வாடை. நாளைக்குக் காஸ்டிக் போடறேன். ஆர்ஓக்கு முன்னாடி இருக்கற கார்ட்ரிட்ஜ் ஃபில்டரையும் கழட்டறேன், அதை மாத்தி எத்தனை நாளாச்சுன்னு லாக்புக்லயே இல்லைங்க.